நடுவருக்கு மணி கிடையாது

சேலமுங்களா தம்பி? நல்லதாப் போச்சு, நானும் சேலந்தான் போறேன். அந்த ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். கையைப் பாருங்க, மாவுக்கட்டு. இந்தப் பக்கம் உக்காந்தா போறவங்க வர்றவங்க எல்லாம் இடிச்சுட்டுப் போவாங்க. கை எப்படி ஒடைஞ்சுதுங்கறது அப்புறம் வருது. எதையும் வரிசைப்படி சொன்னாத்தான் எனக்குப் பிடிக்கும்.

எம்பொண்ணைப் பாக்கப் போறேனுங்க. என்ன பண்ணுதுங்களா? மனுசங்களைத் தூக்கிக் கீழ போடுது. சும்மா இல்லீங்க, சம்பளத்துக்கு. சேலத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஜூடோ மாஸ்டரு. கராத்தே இல்லீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கராத்தேல ஓடு உடைப்பாங்க, கத்துவாங்க, பாக்கறதுக்காவது ஒரு இது இருக்கும். ஜூடோவுல அடியும் இல்லை, உதையும் இல்லை. தடிமனா ஒரு வெள்ளைக் கோட்டு, இடுப்புல ஒரு துணி பெல்ட்டு, ஒருத்தர் கோட்டை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு இழு இழுன்னு இழுத்து, கடைசியில ஒருத்தர் கீழ. இப்ப நாம பஸ் ஏறுனப்ப சீட்டுக்கு நடந்துச்சே, அதையே மெத்தை விரிச்சுப் பண்ணுனா அதுதான் ஜூடோ.

நன்மொழின்னு பேரு. நாந்தான் வச்சேன். நல்லாப் பேசற புள்ளையா வரோணும்னு வச்சேன். வந்தது என்ன? ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை. அதுவும் தலையாட்டி முடிக்க முடியாத எடத்துல மட்டும். அவங்கம்மா பூங்கொடியும் இப்ப அப்படித்தான். கல்யாணமான புதுசுல வாய் ஓயாமப் பேசிட்டு இருந்தவ, போகப் போகப் பேச்சு கொறைஞ்சு போச்சு. என்னமோ ஏதோன்னு பயந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ஒண்ணும் பிரயோசனம் இல்லை.

நான் யாருன்னு சொல்லலை பாருங்க. நாவரசு சென்னியப்பன். கோபி பக்கம் திருவிழா நோட்டீசுல பாத்திருப்பீங்களே? பாக்கலீங்களா. நீங்க அந்தப் பக்கம் வர்றதில்லை போல. பகல்ல பால் சொசைட்டியில எழுத்தரு, பொழுதோட பட்டிமன்றப் பேச்சாளரு. நாவரசுங்கற பட்டம் யாரு குடுத்தாங்கன்னு ஒருத்தன் மேடையிலயே கேட்டான். நோட்டீஸ் அடிக்கறவருகிட்ட நாந்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவாங்க? அவங்கவங்களுக்கு அவங்கவங்க சோலி.

ஆனா ஒண்ணு தம்பி, பட்டிமன்றத்துல எனக்கு ஒரு கொறை உண்டு. நடுவருன்னு ஒருத்தரு மணியை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நமக்குச் சூடு பிடிக்கற நேரமாப் பாத்து டிங்குன்னு அடிப்பாரு. எத்தனை நடுவரைப் பாத்துட்டேன், ஒருத்தராவது என்னை முழுசாப் பேச விட்டதில்லை. ஆனா அவரு தீர்ப்புச் சொல்றேன்னு ஆரம்பிச்சா அவருக்கு எவன் மணி அடிக்கறது? ஜனம் பாயைச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போயி, சோறு தின்னு தூங்கிருக்கும், அவரு பேசிட்டே இருப்பாரு. அதையெல்லாம் பாத்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு கோயில்ல எனக்குச் சால்வை தீந்து போச்சுன்னு ஒரு வெங்கல மணியைக் குடுத்தனுப்புனாங்க. அதை வீட்டுல சாப்பாட்டு மேசை மேல வச்சேன். நம்ம வீட்டுல நாமதான் நடுவரு.

தெனம் ஒரு தலைப்பு. இட்டிலியா தோசையான்னு ஆரம்பிச்சு, பெண் கல்வி வரைக்கும் போவோம். ஆத்தா பூங்கொடி ஒரு அணி, மக ஒரு அணி. ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசுவாங்க, மணி அடிப்பேன், அப்புறம் நான் தொகுத்துச் சொல்லுவேன். தொகுக்கறதுக்குத்தான் நேரம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரங்க, உங்க வீட்டுல எப்பவும் ஒரே பேச்சுச் சத்தமா இருக்குதுங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுல ஒரு பெருமை.

சரி, ஜூடோவுக்கு வர்றேன். எம்பொண்ணு ஒம்பதாவது படிக்கறப்ப, பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தற்காப்புன்னு பள்ளிக்கூடத்துல கொண்டு வந்தாங்க. ஜெபராஜ்னு ஒரு மாஸ்டரு, நாகர்கோயில் பக்கத்து ஆளு. மொத நாளு போயிட்டு வந்துச்சு. என்ன கண்ணு கத்துக்கிட்டேன்னு கேட்டேன். "விழறதுக்குங்கப்பா"ன்னுச்சு. மறுநாளு கேட்டேன். விழறதுக்கு. மாசக் கணக்கா விழுந்துட்டே இருந்துச்சு தம்பி. முன்னால விழறது, பின்னால விழறது, சைடுல விழறது. தாடையை நெஞ்சோட ஒட்டிக்கோணுமாம், கையைத் தரையில ஊனவே கூடாதாம், முழுக் கையாலயும் தரையைப் படார்னு அறையோணுமாம். இதுக்கு ஒரு மாஸ்டரு, இதுக்கு ஒரு மெத்தை. எங்க சொசைட்டி வாசப்படியில பால் சிந்திச் சிந்திப் பாசி பிடிச்சுக் கெடக்குது. அங்க வந்தா ஓசியில விழலாமேன்னு சொன்னேன். அது சிரிக்கலை. நகைச்சுவை உணர்வு அவங்கம்மா பக்கத்துல கம்மி.

அன்னைக்குப் பொழுதோட தலைப்பு போட்டுட்டேன். ‘ஜூடோ பயிற்சியால் பெண் பிள்ளைகளுக்குப் பெரிதும் விளைவது நன்மையா, தீமையா?’ நன்மை அணிக்கு மக. தீமை அணிக்கு ஆத்தாளைப் போட்டேன். அவ என்னடான்னா, எனக்கு ஒரு தீமையும் தெரியலீங்களே, அடுப்புல பால் இருக்குதுங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டா. ஒரு அணிக்கு ஆளே இல்லைன்னா மன்றம் என்னாகறது? வேற வழியில்லாம நடுவரே எறங்க வேண்டியதாப் போச்சு.

மக எந்திரிச்சுது. என்ன பேசுச்சுங்கறீங்க? "என்னை விடப் பெரிய ஆளையும் சாய்க்கலாமுங்கப்பா. அவங்க தள்ற பலத்தையே நாம எடுத்துக்கலாம். விழுந்தா அடி படாது. அதனால விழறதுக்குப் பயம் இல்லை." உக்காந்துருச்சு. நான் மணியைக் கையில எடுக்கறதுக்குள்ள பேச்சு முடிஞ்சு போச்சு.

நான் எந்திரிச்சேன். எதிரணியின் ஒரே பேச்சாளர் அவர்களேன்னு ஆரம்பிச்சேன். ரோட்டுல வம்பு பண்றவன் கோட்டுப் போட்டுட்டா வருவான்? பனியனோட வருவான். இழுத்தாப் பனியன் கிழிஞ்சு கையோட வந்துரும், அப்புறம் எதைப் பிடிச்சுச் சாய்ப்பேன்னு கேட்டேன். ரெண்டாவது, அவன் மூக்குல குத்த வருவான், நீ ஜூடோ முறைப்படி குனிஞ்சு வணக்கம் வைப்பே. மூக்கு அவன் கைக்கு வசதியான ஒசரத்துல இருக்கும். மூணாவது, முட்டி, தோள்பட்டை, விரலு. ஜூடோக்காரங்களுக்கு விரலுக்கு விரல் பிளாஸ்திரி இருக்கும், பாத்திருக்கேன். அப்புறம் காது. தரையில உருண்டு உருண்டு அந்த ஜெபராஜ் மாஸ்டருக்குக் காது பூரி மாதிரி உப்பிக் கெடக்குது. இந்தக் காதுக்குத் தோடு எங்க மாட்டறதுன்னு நான் கேட்டப்ப, சமையக்கட்டுல இருந்து எம் பொண்டாட்டியே சிரிச்சுட்டா. அவளுக்கு அன்னைக்கு ஒடம்பு நல்லா இருந்திருக்கும்.

அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "கோட்டு விசயம் சரிதானுங்கப்பா. மாஸ்டரும் அதைச் சொல்லியிருக்காங்க. அடி தடுக்கறதும் இதுல கம்மிதான்." அப்படியே ஒத்துக்கிச்சு. தம்பி, எதிரணி சொன்னதைச் சரின்னு ஒத்துக்கறது பட்டிமன்றத்துல பெரிய தப்பு. இத்தனை வருச மேடையில நான் அதைப் பண்ணதே இல்லை. தீமையேன்னு தீர்ப்புச் சொல்லி மணி அடிச்சேன். அடிச்சுட்டு, போனாப் போகுது, சர்டிபிகேட் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு ஆகும், போயிட்டு வான்னும் சொன்னேன். தோத்த அணிக்கும் ஏதாவது குடுக்கோணுமில்லீங்களா.

ஒரு நாள் நானே வகுப்பைப் பாக்கப் போனேன். புள்ளைங்க ஜோடி ஜோடியா உருண்டுட்டு இருக்குது. ஒரு புள்ளை இன்னொரு புள்ளை கழுத்தைப் பிடிச்சு அமுக்குது. கீழ இருக்கற புள்ளை கையால மெத்தையை ரெண்டு தட்டு தட்டுச்சு. மேல இருந்தது சட்டுனு விட்டுருச்சு. இது என்னங்க கூத்துன்னு மாஸ்டரைக் கேட்டேன். அவரும் நம்ம நன்மொழி அம்மணி மாதிரிதான், வாய் தொறக்கறதே அபூர்வம். "தட்டினா அந்த நொடியே விட்டுடணும் சார். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. அந்த நம்பிக்கையிலதான் ஒருத்தர் கழுத்தை இன்னொருத்தர் கையில குடுக்கறாங்க"ன்னாரு.

நமக்குச் சொல்லவா வேணும்? ரோட்டுல நீங்க தட்டினா ரௌடி விட்டுருவானா, மன்னிச்சுக்கங்க தட்டிட்டீங்கன்னு எந்திரிச்சுப் போயிருவானான்னு கேட்டேன். நம்மளைப் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னேன். நன்மொழி வேண்டாமுங்கப்பான்னுச்சு. நான் விடலை. அப்புறம் அது என்ற தோளைப் பிடிச்சு மெதுவா மல்லாக்கச் சாய்ச்சு, நெஞ்சுக்குக் குறுக்க அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அசைய முடியலை தம்பி. நெல்லு மூட்டையை மேல போட்டாப்புல. "தட்டுங்கப்பா, விட்டுடறேன்"னு காதுகிட்டச் சொல்லுச்சு.

நான் ஏந் தட்டறேன்? கை கால்தான் மாட்டிருக்குது, வாய் சும்மாத்தானே இருக்குது. படுத்தவாக்குலயே ஆரம்பிச்சுட்டேன். அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, வீரம்ங்கறது என்னன்னா அப்படின்னு. கூரையைப் பாத்துட்டே பேசுனேன். புள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு கேட்டுச்சு, பெல் அடிச்சும் ஒண்ணும் போகலை, போறதுக்கு மாஸ்டரு சொல்லலை. கடைசியில அதுவே கையை எடுத்துருச்சு. எந்திரிச்சு நின்னு, குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சுட்டு, அக்கட்டப் போயிருச்சு. நீங்களே சொல்லுங்க, யாரு ஜெயிச்சது? நான் தட்டலை. விட்டது அது. இன்னைக்கும் சொசைட்டிக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்றேன்.

சங்ககிரி வந்துருச்சுங்களா? இருங்க, எறங்கறவங்க எறங்கட்டும். உங்களுக்குத் தூக்கம் வருதுன்னா சொல்லுங்க. இல்லைங்களா, நல்லது.

அப்புறம் அது மாவட்டத்துல ஜெயிச்சுது, மாநிலத்துல மெடல் வாங்குச்சு, காலேஜ் முடிச்சுது. இதுவரைக்கும் எல்லாம் நாம போட்ட கணக்குப்படிதான். எங்க சொசைட்டிக்காரங்களைப் பிடிச்சு, தலைவரைப் பிடிச்சு, உள்ளூர்லயே ஒரு வேலைக்கு நான் பேசி வச்சிருந்தேன். வேலையும் ஆச்சு, புள்ளையும் வீட்டுல இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிச்சோறு. மேசையில உக்காந்திருக்கறோம். அது சொல்லுச்சு, "கோச் படிப்புக்கு எடம் கெடைச்சிருக்குதுங்கப்பா. வடக்க. நான் போறேனுங்க."

தலைப்புக் கேக்கலை, அணி பிரிக்கலை, நேராத் தீர்ப்பு. அது எப்படிங்க ஆகும்? நான் ஆரம்பிச்சேன். தம்பி, அன்னைக்கு நான் பேசுன பேச்சு இருக்குதே, எந்த மேடையிலயும் எனக்கு அப்படி வாய்ச்சதில்லை. ஜூடோங்கறது ஏணி, மேல ஏறுனப்புறம் ஏணியைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுத் திரிவாங்களான்னு கேட்டேன். வடக்க சப்பாத்தி, குளிரு, பாசை தெரியாத ஊருன்னு அடுக்கிட்டே போனேன். ஒலகத்துல இருக்கற உவமை எல்லாம் வந்து வரிசையில நிக்குது.

எம் பொண்டாட்டி இன்னைக்கும் கேக்கறா, இத்தனை பேசுனீங்களே, போகாத கண்ணு, நீ இல்லைன்னா எனக்குப் பொழுதே போகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களான்னு. அதெல்லாம் ஒரு பாயிண்ட்டுங்களா தம்பி? மேடையில எடுபடுமா?

அப்பத்தான் அது நடந்துச்சு. நான் சப்பாத்தியில இருந்து குளிருக்குப் போறேன், அம்மணி உள்ளங்கையால மேசையை ரெண்டு தட்டு தட்டுச்சு. சட்டசபையில அமைச்சரு பேசறப்ப மேசையைத் தட்டுவாங்களே, டிவியில பாத்திருப்பீங்க, அதே மாதிரி. எனக்கு உச்சி குளுந்து போச்சு. வாயைத் தொறக்காத புள்ளை, மொத தடவையா நம்ம பேச்சுக்குக் கைதட்டுது. பேச்சாளனுக்கு அது போதுமே. இன்னும் கொஞ்சம் எடுத்து விட்டேன். மறுபடியும் தட்டுச்சு, இந்தத் தடவை பலமா. தண்ணி டம்ளரு சாஞ்சு போச்சு. நான் இன்னும் விட்டேன். தட்டுச்சு, தட்டுச்சு, தட்டிட்டே இருந்துச்சு. கண்ணுல தண்ணி வேற. சரி, உருக்கமான எடத்தைத் தொட்டுட்டோம்னு கொரலை இன்னும் ஒசத்துனேன். பூங்கொடி வந்து, "ஏனுங்க, புள்ளை தட்டறாளுங்க"ன்னா. தட்டட்டும் தட்டட்டும்னேன். கறிச்சோறு ஆறிப் போச்சு. தீர்ப்புச் சொல்லி, மணி அடிச்சு, கை கழுவப் போனேன்.

மறுநாளு சொசைட்டியில இருந்து வந்து பாத்தா வீட்டுல புள்ளை இல்லை. ஆத்தாதான் ஈரோடு கூட்டிட்டுப் போயி ரயில் ஏத்தி விட்டிருக்கறா. என்ன சொல்லிட்டுப் போச்சுன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலைங்கன்னா. அத்தனை கைதட்டிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சேன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

அதுக்கப்புறம் போன் வரும், அவங்கம்மாவுக்கு. நான் வாங்குனா "சரிங்கப்பா"ங்கும், உடனே கட்டாயிரும். வடக்க டவர் சரியில்லைன்னு நெனைச்சேன். படிப்பு முடிச்சு இப்ப சேலத்துக்கு வேலைக்கு வந்துருச்சு. பாருங்க, சேலத்துலயும் டவர் சரியில்லை. கோபிக்கும் சேலத்துக்கும் எத்தனை தூரம்? பொங்கலுக்கு வரலை. திருவிழாவுக்கு வரலை. அவங்கம்மா மட்டும் பஸ் ஏறிப் போயி இருந்துட்டு வர்றா. நான் வர்றேன்னா, சித்த பொறுங்கன்னு சொல்லிட்டே இருந்தா. வீட்டுல மணி மேசை மேலயே இருக்குது. தலைப்பு போட்டா அவ சோத்தைத் தட்டுல போட்டு வச்சுட்டுக் கட்டுத்தறிக்குப் போயிடறா. எருமைகிட்டப் பேசிட்டு இருக்கறா தம்பி, நான் காதால கேட்டேன். நல்லாத்தான் பேசறா.

கைக்கு வர்றேன். போன மாசம் எனக்குச் சோத்துப் போசி எடுத்துக்கிட்டுப் பூங்கொடி சொசைட்டிக்கு வந்தா. அந்தப் பாசி பிடிச்ச படியில கால் வச்சா, வழுக்கிருச்சு. மல்லாக்கப் போறா. போச்சு, இடுப்புப் போச்சுன்னு நான் நிக்கறேன். படார்னு ஒரு சத்தம். தாடை நெஞ்சோட, கை தரையில அறைஞ்சபடி. எந்திரிச்சா, சேலையைத் தட்டி விட்டா, போசியை எடுத்தா. ஒரு கீறல் இல்லை. என்னடி இதுன்னு கேட்டா, நன்மொழி சொல்லிக் குடுத்தாங்கறா. நான் சொசைட்டிக்குப் போனப்புறம் மத்தியானத்துல ஆத்தாளும் மகளும் பாயை விரிச்சு விழுந்து பழகியிருக்கறாங்க, வருசக் கணக்கா. விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம். நான் வீட்டுல இருக்கறப்ப அந்தச் சிரிப்பை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அதை வெளிய காட்டிக்கலாமுங்களா? அடிபடாமத் தப்பிச்சது ஜூடோவுனால இல்லை, உன்ற அதிர்ஷ்டத்துனாலன்னு விளக்கிட்டே அதே படியில நான் எறங்குனேன். அவ்வளவுதான். கையை ஊனுனேன், மணிக்கட்டு ரெண்டா நின்னுச்சு.

அவ போன்ல மககிட்டச் சொல்லியிருக்கறா. அது மொதல்ல கேட்டது என்னங்கறீங்க? "அப்பா கையை ஊனிட்டாங்களா?" ஊனிட்டாரு கண்ணுன்னு இவ சொல்ல, அது சிரிச்சுதாம். ரொம்ப நேரம் சிரிச்சுட்டு அப்புறம் அழுதுச்சாம். அழுதுட்டுச் சொல்லுச்சாம், "அப்பாவை வரச் சொல்லுங்கம்மா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வர்றேன். ஆனா நான் தட்டினா நிறுத்தோணும். அது ஒண்ணு போதும்."

தட்டினா எதுக்குங்க நிறுத்தறது, கைதட்டுனா எந்தப் பேச்சாளனாவது நிறுத்துவானான்னு கேட்டேன். அப்பத்தான் இவ சொல்றா. அன்னைக்கு மேசையில தட்டுனது கைதட்டு இல்லையாம். விடுங்கப்பா, விடுங்கப்பான்னு தட்டுச்சாம். உங்களுக்குத் தெரியுமுன்னு நெனைச்சேன், மாஸ்டரு சொல்லியிருக்காருல்லைன்னா. மாஸ்டரு சொன்னாரு, சரிதான். நான் பதில் பாயிண்ட் யோசிச்சுட்டு இருந்தேன்.

என்ற வாழ்க்கையிலயே நல்லா எடுபட்ட பேச்சு அதுதான்னு இத்தனை நாளா நெனைச்சுட்டு இருந்தேனுங்க தம்பி. படுத்துக்கிட்டு அந்தத் தட்டுச் சத்தத்தை நெனைச்சுப் பாப்பேன், சந்தோசமா இருக்கும். இப்ப நெனைச்சா எந்திரிச்சு உக்காந்துக்கறேன்.

சரி விடுங்க. இப்ப நிபந்தனைக்கு வருவோம். நான் நிறுத்தலைன்னா என்ன ஆகும்னு இவளைக் கேட்டேன். அடுத்த பஸ்ல திருப்பி ஏத்தி விட்டுருமாம், அதுக்கப்புறம் வரவே வேண்டாமாம். எப்படி இருக்குது பாருங்க, பெத்தவனுக்கு ரூலு. ஆனா இதுல என்ன கஷ்டம்? பேச்சு நம்ம கையில இருக்கறது. நெனைச்சா ஆரம்பிப்போம், நெனைச்சா நிறுத்துவோம். நீங்க வேணும்னாச் சோதிச்சுப் பாருங்க. நான் பேசிட்டே இருக்கறேன், எங்க வேணாலும் தட்டுங்க, டக்குனு நிறுத்தறனா இல்லையான்னு பாருங்க.

ஜூடோவோட குறைகள்ல நான் இன்னும் சொல்லாதது என்னன்னா, அது ஒத்தையில பழக முடியாத வித்தை. சிலம்பம் இருக்குது, கம்பு ஒண்ணு இருந்தாப் போதும், களத்து மேட்டுல தனியா நின்னு சுத்தலாம். ஜூடோவுக்கு எதுக்கால ஒரு ஆளு வேணும், அந்த ஆளு நம்மளை நம்போணும். அப்ப அந்த ஆளு ஊரை விட்டுப் போயிட்டா, வித்தையை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது. தட்டிட்டீங்களா? சரி சரி, இந்த வாக்கியம் மட்டும் முடியட்டும். அதனாலதான் நான் சொல்றேன், பயிற்சின்னு எடுத்துக்கிட்டா. மறுபடியும் தட்டுறீங்க. முன்னாலயும் கம்பியில தட்டுனீங்களா? பஸ்ஸு ஆட்டத்துல அதுவா ஆடுதுன்னு நெனைச்சேன். இல்லீங்க, இது கணக்குல வராது. இது ஒத்திகை. ஒத்திகையில எந்த நடிகனும் முழுசா நடிக்க மாட்டான். நீங்க வேற, மெதுவாத் தட்டுறீங்க. அது தட்டுனா டம்ளரு சாயும்.

கொண்டலாம்பட்டி தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச தூரந்தான். கை வேர்க்குது பாருங்க, கட்டுக்குள்ள அரிக்குது. இத்தனை மேடை ஏறிட்டேன், ஒரு தடவை வேர்த்ததில்லை. அது இப்ப எப்படி இருக்கும்னே தெரியலை. காது உப்பியிருக்குமோ என்னமோ. உப்பியிருந்தாலும் அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. ஒரு வார்த்தை மட்டும் கேப்பேன். சரி, ரெண்டு வார்த்தை.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எறங்குங்க எறங்குங்கன்னு எல்லாரும் அவசரப்படறாங்க பாருங்க, நாம கூட்டம் கொறைஞ்சு எறங்குவோம். அதுக்குள்ள உங்களுக்குக் கடைசிப் பாயிண்ட்டைச் சொல்லிடறேன். இது அதுகிட்டச் சொல்றதுக்குன்னே கொண்டு வந்தது. ராத்திரி பகலா யோசிச்சது. இதுக்கு எந்த ஜூடோ மாஸ்டராலயும் பதில் சொல்ல முடியாது. அதாவது தம்பி, பிடிக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க, விழறதுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க, தட்டுனா விடறதுக்கும் சொல்லிக் குடுக்கறாங்க, எல்லாம் சரி. ஆனா விட்டுட்டுப் போனப்புறம், வீட்டுல ஒத்தையில ஒக்காந்துட்டு இருக்கற பெத்தவன் என்ன பண்றதுன்னு

யாருங்க அது, ஜன்னல் கண்ணாடியில?

எம்புள்ளைங்க. எளைச்சுப் போச்சு. முடியைக் கட்டையா வெட்டியிருக்குது. காது நல்லாத்தான் இருக்குது.

எறங்கறேன் கண்ணு. எறங்கிட்டேன்.

அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி, ஒத்தைக் கையில வர மாட்டேங்குது. என்னங்க? பாதியில நிக்குதுங்களா? கடைசிப் பாயிண்ட்டு என்னன்னா கேக்கறீங்க?

இல்லைங்க. அதுதான் தட்டிருச்சுங்களே.